வேப்பிலங்குறிச்சி ஈய மெடல்

கொஞ்சம் நகர்ந்துக்கிடுங்க தம்பி. அந்தப் பையை மடியில வச்சுக்கோங்க, கீழ வச்சா கண்டக்டர் மிதிச்சுட்டுத்தான் போவாரு. ஆங், போதும்.

நெஞ்சுல கையை வச்சிருக்கேன்னு பாக்கிறீங்க. பயந்துராதீங்க, வலியெல்லாம் இல்ல. போன வருஷம் இருந்துச்சு. மதுரைக்குக் கொண்டுபோய் நெஞ்சைத் திறந்து சரிபண்ணி மூடிட்டாங்க. இப்போ கை இருக்கிறது நெஞ்சுக்காக இல்ல, சட்டைப் பைக்காக. பையில ஒரு சாமான் இருக்கு. மெதுவாப் பேசுவோம். முன்னால பச்சைச் சேலை கட்டி, மடியில ஒயர் கூடையோட உக்காந்திருக்கு பாருங்க, அதுதான் என் சம்சாரம். செண்பகம். அவளுக்குக் காது ரொம்பக் கூர்மை. இந்த பஸ் போடற சத்தத்துல கேக்காதுங்கிற தைரியத்துலதான் வாயைத் திறக்கேன்.

நீங்களும் இருக்கன்குடி கோயிலுக்குத்தானா? நல்லதாப் போச்சு. இதை யார்கிட்டயாவது சொல்லலைன்னா எனக்கு மண்டை வெடிச்சிரும். தெரிஞ்சவன்கிட்ட சொன்னா ஊர் முழுக்கச் சிரிக்கும். நீங்க சிரிச்சா பரவாயில்ல, நாளைக்கு மறந்துருவீங்க.

என் பேரு ஆவுடையப்பன். கோவில்பட்டியில போய் இந்தப் பேரைச் சொன்னா ஒருத்தனுக்கும் தெரியாது. விசில் சார்னு கேளுங்க, வீட்டு வாசல்ல கொண்டுவந்து விடுவான். பி.டி. மாஸ்டர். ரிடையர் ஆகிற வரைக்கும் ஸ்போர்ட்ஸ் டே அன்னைக்கு மேடையில தட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது என் வேலை. தட்டுல மெடல் இருக்கும். ஹெட்மாஸ்டர் எடுப்பாரு, வந்திருக்கிற பெரிய மனுஷன் கையில கொடுப்பாரு, அவரு பிள்ளைங்க கழுத்துல மாட்டுவாரு. எந்தப் போட்டோவை எடுத்தாலும் தட்டு இருக்கும், தட்டைப் பிடிச்ச ரெண்டு கை இருக்கும். மூஞ்சி இருக்காது. அந்தக் கை என் கை.

நான் படிக்கிற காலத்துல ஏதாவது ஜெயிச்சிருப்பேனேன்னு நினைக்கிறீங்க. ஓடினேன் தம்பி. ஓடாம பி.டி. மாஸ்டர் ஆக முடியுமா. ஆனா எந்த ஓட்டத்துல ஓடினாலும் எனக்கு முன்னால ஒரு நாலு பேரு போயிட்டிருப்பாங்க. அவங்க முதுகைப் பாத்துப் பாத்தே எனக்கு ஓட்டத்துல எது சரி, எது தப்புன்னு தெரிஞ்சுபோச்சு. அதை வச்சுத்தான் வாத்தியார் ஆனேன்.

அப்புறம் அந்த மெடல் இருக்கே. முதல் பரிசு தங்கக் கலர், ரெண்டாவது வெள்ளிக் கலர், மூணாவது வெண்கலக் கலர். கலர் மட்டும்தான். மூணுமே அலுமினியம். ஒரே அச்சுல அடிச்சு மேல சாயத்தைப் பூசி அனுப்புவான். வேர்வை பட்டா தங்கம் வெளுத்து வெள்ளியாயிரும், வெள்ளி வெளுத்து அலுமினியமாயிரும். கையில எடுத்தா எடையே இருக்காது, அப்பளம் மாதிரி இருக்கும். இதை நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க. நான்தான் ஞாபகம் வச்சுக்கல.

ரிடையர் ஆன புதுசுல ஒரு நாள் உடைஞ்ச இரும்புக் கட்டிலைப் போடறதுக்காக விருதுநகர்ல ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போனேன். அங்க ஒரு டப்பாவுல கிடந்துச்சு. எடுத்துப் பாத்தா கனம்னா அப்படி ஒரு கனம். ஒரு பக்கம் தலைப்பாகை கட்டின முகம், முகத்தை விடப் பெரிய மீசை. மறுபக்கம் குதிரை. சுத்தி எழுத்து, ‘வேப்பிலங்குறிச்சி ஜமீன் மணிவிழா’ன்னு. அசல் செம்பு தம்பி. காலம் பூரா அலுமினியத்தைத் தூக்கின கை இல்லையா, அதுக்கு என்னமோ ஆயிருச்சு. கட்டிலைப் போட்டுட்டு அதை வாங்கிட்டு வந்தேன். செண்பகம் வாசல்ல நின்னு, கட்டில் எடைக்கு இவ்வளவுதான் தந்தானான்னு கேட்டா.

அதுக்கப்புறம் விசாரிக்க ஆரம்பிச்சேன். அந்த ஜமீன்தாருக்கு அறுபது முடிஞ்சப்போ ஊரைக் கூட்டி விழா எடுத்திருக்காரு. வந்தவங்க எல்லாத்துக்கும் மெடல். ஆனா ஆளுக்குத் தக்கன உலோகம். துரைமாருக்கும் சம்பந்தக்காரங்களுக்கும் வெள்ளி. கணக்குப்பிள்ளை மாதிரி பெரிய உத்தியோகத்துக்கு வெண்கலம். சின்ன உத்தியோகத்துக்குச் செம்பு. அரண்மனை வேலையாட்களுக்குப் பித்தளை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு ஈயம். ஒரே முகம், ஒரே குதிரை, அஞ்சு உலோகம். எவனுக்கு எது கிடைச்சுதோ அதுதான் அந்த ஊர்ல அவனுக்கு மதிப்பு. நான் அந்தக் கூட்டத்துல இருந்திருந்தா எனக்கு எதைக் கொடுத்திருப்பாங்கன்னு செண்பகத்துக்கிட்ட கேட்டேன். “உங்களைத் தட்டைப் பிடிக்கச் சொல்லியிருப்பாங்க”ன்னா.

அஞ்சையும் சேத்துரணும்னு வெறி பிடிச்சிருச்சு. வெறின்னா சாதாரண வெறி இல்ல. காயலான் கடை, பழைய பாத்திரக் கடை, நகை அடகு பிடிக்கிற இடம், எங்கயும் போய் நிப்பேன். அதோட விட்டா பரவாயில்ல. பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஆளைக் கண்டா எனக்கு ஆகாது. என் மக கோமதி வீட்டுக்குப் போயிருந்தப்போ மாப்பிள்ளை பூஜை மணியைக் காட்டி, பித்தளை மணி மாமா, புதுசுன்னாரு. வெண்கலம்னேன். இல்ல மாமா, பித்தளைன்னுதான் கடையில சொன்னாங்கன்னாரு. விடுவேனா. மணியை எடுத்து ஆட்டி ஆட்டி, இந்த நாதம் பித்தளையில வருமா, இந்த நாதம் பித்தளையில வருமான்னு, சாப்பாட்டு நேரம் முழுக்க. பக்கத்து வீட்டுக்காரங்க கற்பூரம் ஒத்திக்கிறதுக்கு வந்துட்டாங்க.

வெண்கலம் கிடைச்சுது, பித்தளை கிடைச்சுது. வெள்ளி கூடக் கிடைச்சுது தம்பி, வெள்ளியைப் பத்திரமா வச்சிருப்பாங்க, கேட்டுக் கேட்டு வாங்கிறலாம். கிடைக்காமப் போனது ஈயம். ரசம் வைக்கிற ஈயச்சொம்பு இருக்கே, அந்த வெள்ளீயம் இல்ல. இது காரீயம், மீன் வலைக்குக் கட்டுவாங்களே, அது. பிள்ளைங்க கையில கொடுத்தா அது என்ன ஆகும்? பாண்டி விளையாடறதுக்குச் சில்லாக்கியிருக்கும். தூண்டில்ல கட்டி கண்மாயில போட்டிருக்கும். மிச்சத்தை அடுப்புல போட்டு உருக்கி விளையாடியிருக்கும். இருக்கிறதுலயே மட்டமான உலோகம், அதனாலயே இருக்கிறதுலயே அரிது. மெடல் சேக்கிற ஆளுங்க எல்லாருமே, ஆவுடையப்பன் சார், அதை மறந்துருங்கன்னுட்டாங்க.

எங்க கிடைச்சுது தெரியுமா? விளாத்திகுளம் பக்கம் ஒரு பலசரக்குக் கடையில. தொங்கு தராசுல ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நின்னா, சரிக்கட்டறதுக்குத் தட்டுக்கு அடியில எதையாவது கம்பி போட்டுக் கட்டியிருப்பாங்க, பாத்திருக்கீங்களா. வெங்காயம் வாங்கப் போனவன் குனிஞ்சு பாக்கிறேன், தட்டுக்கு அடியில இருந்து மீசை வச்ச ஜமீன்தாரு என்னைப் பாக்காரு. நான் குனிஞ்சவன் நிமிரவே இல்ல. கடைக்காரரு என்னை எடை செக் பண்ற ஆபீசர்னு நினைச்சு அவசர அவசரமா கலர் சோடா உடைச்சுக் கொடுத்தாரு. குடிச்சேன். குடிச்சுட்டு விஷயத்தைச் சொன்னேன். அதைத் தந்துட்டா தராசு சரியா நிக்காதேன்னாரு. அதுவும் நியாயம்தான். அடுத்த வாரம் ஒரு எலக்ட்ரானிக் தராசு வாங்கிக் கொண்டுபோய் வச்சுட்டு அதை அவுத்துக்கிட்டு வந்தேன்.

அப்போ எங்க வீட்டு மிக்ஸி ரிப்பேராகி மூலையில கிடந்துச்சு. செண்பகம் அம்மியில அரைச்சுக்கிட்டிருந்தா. தராசு வாங்கின விஷயம் அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. கொஞ்சம் வேகமா அரைச்சா.

ஆனா ஒண்ணு, குறை சொல்லக் கூடாது. ரிடையர் ஆனப்போ பள்ளிக்கூடத்துல அந்தப் பரிசுத் தட்டையே எனக்குக் கொடுத்து அனுப்பிட்டாங்க, நினைவுப் பரிசுன்னு. அந்தத் தட்டுல நீல வெல்வெட் தச்சு, அஞ்சு குழி வச்சு, மெடல் மெடலாப் பதிச்சுக் கொடுத்தது செண்பகம்தான். அடியில லேபிள் எழுதினதும் அவதான். என் கையெழுத்து ஸ்டாப்வாட்ச் பாத்து அவசரத்துல எழுதற கையெழுத்து, எனக்கே புரியாது. நான் சொல்லச் சொல்ல அவ எழுதினா. ‘காரீயம். பள்ளிப் பிள்ளைகளுக்கு வழங்கியது. மிக அரிது’ன்னேன். எழுதிட்டு நிமிர்ந்து, “மிக போதுமா, மிக மிகன்னு போடவா?”ன்னு கேட்டா. போடுன்னேன். போட்டா. ஆனா அதுல அவ மனசு நிக்காது தம்பி. கை எழுதும், அவ்வளவுதான்.

அஞ்சும் ஒண்ணாத் தட்டுல இருந்தது ஒரு வாரம் இருக்குமா, இருக்காது. நெஞ்சு பிடிச்சிருச்சு. தட்டைத் துடைச்சுக்கிட்டிருக்கும்போதே. ஆம்புலன்ஸு, மதுரை, ஆபரேஷன், எல்லாம் எனக்கு அரைகுறை ஞாபகம். கண்ணு முழிச்சதும் செண்பகம் மூஞ்சி தெரிஞ்சுது. வேற எவனா இருந்தாலும் நல்லாயிருக்கியான்னு கேட்டிருப்பான். நான், தட்டு பத்திரமான்னு கேட்டேன். நர்ஸு, சாப்பாட்டுத் தட்டைக் கேக்காருன்னு நினைச்சு, இன்னைக்கு ஒண்ணும் சாப்பிடக் கூடாது ஐயான்னாங்க. செண்பகம், பத்திரமா இருக்குன்னா. சொல்லிட்டு ஓன்னு அழுதா. ஆஸ்பத்திரியில வச்சும் இவரு மாறலையேங்கிற வருத்தம், வேறென்ன.

வீட்டுக்கு வந்து பாக்கேன். நாலுதான் இருக்கு. அஞ்சாவது குழி காலி. லேபிள் இருக்கு, மிக மிக அரிதுன்னு. அதுக்கு மேல ஒண்ணும் இல்ல.

மாடி ஏறக் கூடாது, குனியக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நான் கட்டிலுக்கு அடியில படுத்துக்கிட்டுத் தேடறேன். மாப்பிள்ளை மேல சந்தேகம் வந்துச்சு. மணி விஷயத்துல மனுஷன் மனசுல வச்சிருப்பாரோன்னு. போன் போட்டு, சுத்தி வளைச்சு, “மாப்பிள்ளை, உங்க வீட்டுல எதுக்காவது ஈயம் தேவைப்பட்டுச்சா?”ன்னு கேட்டேன். அவரு கோமதிக்கிட்ட, மாமாவுக்கு மயக்க மருந்து இன்னும் தெளியலைன்னு சொல்லியிருக்காரு.

கடைசியில செண்பகமே கூட்டிட்டுப் போய்க் காட்டினா. சாமி அலமாரியில, அம்மன் படத்துக்குப் பக்கத்துல, ஆணியில தொங்குது. மஞ்சத் துணி முடிச்சு. “அம்மனுக்கு முடிஞ்சு வச்சிருக்கேன். நேரம் வரும்போது இருக்கன்குடிக்குப் போய் உண்டியல்ல போடணும். அதைத் தொடாதீங்க, ஒண்ணும் கேக்காதீங்க”ன்னா. நானும் கேக்கல. கேக்கிறதுக்கு என்ன இருக்கு. நானும் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன், செம்பு வந்த நாள்ல இருந்து, இந்த மனுஷனுக்கு இந்தப் பைத்தியம் தெளிஞ்சா இருக்கன்குடிக்கு வர்றேன் தாயேன்னு அடுப்படியில நின்னு சொல்லிக்கிட்டே இருப்பா. இருக்கன்குடி வழக்கம் உங்களுக்குத் தெரியுமே. கண்ணு நோவுன்னா கண்மலர், காலு நோவுன்னா கால் தகடு, எங்க நோவோ அந்த உருவைப் போடணும். எனக்கு நோவு மெடல்ல. அதனால மெடலையே எடுத்து முடிஞ்சுட்டா. நல்லா யோசிச்சிருக்கா, அதுல எனக்குப் பெருமைதான்.

ஆனா எதை எடுத்திருக்கா பாருங்க. நாலு நல்லாப் பளபளன்னு இருக்கு. அதையெல்லாம் விட்டுட்டு, கறுத்துப்போய்க் கிடக்கே, இது போனா இவருக்குப் பெருசா ஒண்ணும் தெரியாதுன்னு இதை எடுத்திருக்கா. அவளைச் சொல்லிக் குத்தம் இல்ல. பளபளன்னு இருந்தா ஒஸ்தி, கறுத்திருந்தா மட்டம், அவளுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

அப்போ எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. பைத்தியம் தெளிஞ்சாத்தானே உண்டியல்? தெளியலைன்னா முடிச்சு வீட்டுலயேதானே தொங்கும்? தட்டுல இல்லைன்னாலும் ஒரே கூரைக்குக் கீழ அஞ்சும் இருக்கும் இல்லையா. சரி, நாம தெளியக் கூடாதுன்னு முடிவு பண்ணினேன். டாக்டர் நடக்கச் சொன்னாரு, நான் பழைய இரும்புக் கடைக்கு நடந்தேன். சாப்பிட உக்காந்தா ஜமீன்தார் கதை. தூங்கப் போகும்போது ஜமீன்தார் குதிரை கதை. குதிரையைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, இட்டுக்கட்டிச் சொன்னேன். ஒரு நாள் வேணும்னே ஒரு கூடை துருப்பிடிச்ச சாமானைக் கொண்டுவந்து நடு வீட்டுல கொட்டினேன்.

கோபப்படணுமா இல்லையா? சிரிக்கிறா தம்பி. நான் எவ்வளவு பைத்தியம் காட்டினேனோ அவ்வளவு சந்தோஷப்படறா. குதிரைக்கு அப்புறம் என்னாச்சுன்னு கேக்கா. இன்னொரு தோசை வைக்கா. பைத்தியம் முத்துது, இவ முகம் தெளியுது. எனக்கு ஒண்ணுமே புரியல.

போன வாரம் மதுரையில டாக்டரு எல்லாம் பாத்துட்டு, நல்லா இருக்கீங்க, இனிமே அடிக்கடி வர வேண்டாம்னுட்டாரு. பஸ்ஸுல திரும்பும்போதே செண்பகம், “வர்ற வெள்ளிக்கிழமை இருக்கன்குடிக்குப் போயிருவோம், நேரம் வந்துருச்சு”ங்கா. எப்படி நேரம் வந்துச்சு? அன்னைக்குக் காலையிலதான் ஆஸ்பத்திரி வாசல்ல பழைய பித்தளைப் பூட்டு ஒண்ணை எடுத்துப் பையில போட்டிருக்கேன், அதையும் பாத்துக்கிட்டுத்தான் நின்னா. நான் தெளிஞ்சுட்டேன்னு எதை வச்சு முடிவு பண்ணினா?

அதனால என்ன செஞ்சேன்னா... கிட்ட வாங்க. இன்னைக்குக் காலையில அவ குளிக்கப் போனப்போ மாத்திட்டேன். மஞ்சத் தண்ணியில நனைச்சுக் காயவச்ச துணியை முந்தாநாளே தயாரா வச்சிருந்தேன். ஸ்போர்ட்ஸ் டே மெடல் ரெண்டு மூணு வீட்டுல கிடந்துச்சு, வாங்குறதுக்கு ஆள் வராம நின்னுபோனது. அதுல ஒண்ணை உள்ள வச்சு அதே மாதிரி முடிச்சு. முடிச்சுப் போடறதுல என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது, ஸ்கவுட் மாஸ்டராவும் இருந்திருக்கேன். அவ கூடையில இருக்கிறது அது. என் சட்டைப் பையில இருக்கிறது நிஜம். இது கட்டினபடியே இருக்கு, நான் பிரிக்கல. அம்மனுக்கு முடிஞ்சதை அவுக்கிறதுக்கு எனக்குப் பயம். அம்மனை ஏமாத்தறதுக்குப் பயமா இல்ல, முடிச்சை அவுக்கிறதுக்குத்தான் பயம். என் புத்தி அப்படி.

நீங்களே சொல்லுங்க. உண்டியல்ல போட்டா எண்ணுறவங்க இது என்ன கறுத்த ஈயம்னு தூக்கி ஓரமாப் போட்டுருவாங்க. அம்மனுக்கு எதுவா இருந்தா என்ன, கொடுக்கிற மனசுதானே. என் தட்டுல இருந்தா அது வரலாறு தம்பி. வரலாறு.

சாத்தூர் வந்துருச்சு. பஸ் கொஞ்ச நேரம் நிக்கும். அந்தா, கையைக் காட்டிக் கூப்பிடறா. வெள்ளரிக்காய் வாங்கணும்பா, இல்ல மாத்திரை போட்டாச்சான்னு கேப்பா. இடத்தைப் பாத்துக்கோங்க, வந்துர்றேன்.

*

வந்துட்டேன். இந்தாங்க, வெள்ளரிக்காய். எடுத்துக்கோங்க, உங்களுக்குத்தான் வாங்கினா. பின்னால ஒரு தம்பி உங்க தொல்லையைத் தாங்கிக்கிட்டு வருதே, அதுக்குக் கொடுங்கன்னா.

கையை எடுத்துட்டேன்னு பாக்கிறீங்களா. ஆமா, பையில இப்போ அது இல்ல.

இருங்க, சொல்றேன். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிடறேன்.

போனேன். கீழ இறங்கி அந்தத் தூணுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தா. கூடையில இருந்து முடிச்சை எடுத்து என் உள்ளங்கையில வச்சா. “கனமா இருக்கா?”ன்னா. இருக்குன்னேன். “நல்லாப் பாத்துச் சொல்லுங்க. நீங்கதான் எல்லா உலோகமும் தெரிஞ்சவரு”ன்னா.

அப்பளம் தம்பி. கையில அப்பளம் இருக்கு. ஈயத்துக்குப் பதிலா அலுமினியத்தை வச்சிருக்கேன். பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் மக வீடு வரைக்கும் போய்ச் சண்டை போட்டவன், ஊர்ல உள்ளவனுக்கு எல்லாம் உலோகம் தெரியலைன்னு மூக்கைச் சுளிச்சவன், இருக்கிறதுலயே கனமானதை எடுத்துட்டு இருக்கிறதுலயே லேசானதை வச்சிருக்கேன். முடிச்சு மட்டும் அச்சு அசலா இருக்கு.

அவ கோபப்படல. கோபப்பட்டிருந்தா சமாளிச்சிருப்பேன். மெதுவாச் சொன்னா. “உங்களை உள்ள கொண்டுபோனதுல இருந்து வெளிய கொண்டு வர்ற வரைக்கும் ஆஸ்பத்திரி வராண்டாவுல அந்த முடிச்சைக் கையிலதான் வச்சிருந்தேன். மூடின கையைத் திறக்கவே இல்ல. அதோட கனம் எனக்குத் தெரியாதா? காலையில கூடையில வைக்கும்போதே தெரிஞ்சுது. கோயில் போறதுக்குள்ள நீங்களாத் திருப்பி வச்சிருவீங்கன்னு பேசாம வந்தேன். சாத்தூர் வரைக்கும் பாத்தேன். இனிமே பாக்கறதுக்கு ஊரு இல்ல”ன்னா.

எனக்கு வாய் எங்க நிக்கும். “என் பைத்தியம் தெளியணும்னு முடிஞ்சதுதானே, அதுக்கு ஏதோ ஒண்ணைப் போட்டாப் போதாதா”ன்னேன்.

என்னை ஒரு பார்வை பாத்தா. அவ அப்படிப் பாத்து நான் பாத்ததில்ல தம்பி. “உங்க பைத்தியத்துக்கா? அதுக்கு அம்மன் என்ன செய்வா, பாவம். ஆபரேஷனுக்கு முன்னால, ஆஸ்பத்திரிக்குப் பேப்பர் எடுக்க வீட்டுக்கு வந்தேன். உங்களை அங்க நெஞ்சைத் திறக்கிறதுக்குத் தயார் பண்ணிக்கிட்டிருக்காங்க. நெஞ்சு உரு கடையில தகரத்துல விக்கான், எல்லாரும் அதைத்தான் வாங்கிப் போடறாங்க. எனக்கு மனசு ஒப்பல. உங்க உசுருக்குத் தகரமான்னு இருந்துச்சு. தட்டை எடுத்தேன். வெள்ளியை எடுத்திருக்கலாம். வெள்ளி போனா நாலு நாள் புலம்புவீங்க, மறந்துருவீங்க. இந்த ஈயம் போனாத்தான் உங்களுக்கு வலிக்கும்னு எனக்குத் தெரியும். மிக மிகன்னு எழுதினவளே நான்தானே. தாயே, இவருக்கு எது பெருசோ அதை உனக்குத் தர்றேன், இவரை எனக்குக் கொடுன்னு கேட்டேன். அவ கொடுத்துட்டா. நான் கொடுக்க வேண்டாமா?”ன்னா.

அவ்வளவுதான் தம்பி. பஸ் ஸ்டாண்டு சத்தமெல்லாம் எங்கயோ போயிருச்சு.

நான் ஜமீன் கதை பேசினப்போ நீ எதுக்கு அவ்வளவு சிரிச்சேன்னு அவகிட்ட கேட்டேன். ஆபரேஷன் முடிஞ்சு முதல் ஒரு மாசம் நான் பேசவே இல்லையாம். சுவத்தைப் பாத்துக்கிட்டே படுத்திருந்தேனாம். எனக்கு அது ஞாபகமே இல்ல. மெடலைத் தேடிக்கிட்டிருந்ததா நான் நினைச்சுக்கிட்டிருக்கேன், தேட ஆரம்பிச்சதே அதுக்கப்புறம்தானாம். “துருப்பிடிச்ச சாமானைக் கொண்டுவந்து நடு வீட்டுல கொட்டினீங்களே, அன்னைக்குத்தான் என் புருஷன் முழுசா வந்து சேந்தாருன்னு நிம்மதியாத் தூங்கினேன்”ங்கா. நான் அவளை ஏமாத்தறதுக்குப் பைத்தியக்காரனா நடிக்கேன். அவ அதைப் பாத்து அம்மனுக்கு நன்றி சொல்லிக்கிட்டிருந்திருக்கா.

சட்டைப் பையில இருந்து எடுத்துக் கொடுத்தேன். அதை எடுத்ததுல நெஞ்சு லேசாச்சுன்னு சொன்னா பொய். வலிக்கத்தான் செய்யுது. மிக மிக அரிது தம்பி அது, இனி எந்தத் தராசுக்கு அடியிலயும் கிடைக்காது. ஆனா அவ அதை வாங்கினதும் விரலை மடக்கிக் கையை மூடினா பாருங்க. அந்த வராண்டாவுல அப்படித்தான் உக்காந்திருந்திருப்பா.

பஸ் எடுத்துட்டான். இனி நேரா கோயில்தான்.

அப்புறம் இது. இதை மறந்துட்டேன். கூடையில இருந்த என் முடிச்சைத் திருப்பி என் கையிலயே கொடுத்துட்டா. “இதை நீங்க வச்சுக்கோங்க. தட்டுல அந்தக் காலிக் குழி அசிங்கமா இருக்கு, அதுல வைங்க. லேபிள் வேணா நான் மாத்தி எழுதறேன்”னா. சொல்லும்போது அந்தச் சிரிப்பு, தோசை வைக்கும்போது சிரிக்கிற சிரிப்பு. இந்த வயசுல எனக்கு ஒருத்தர் கையால ஒரு மெடல் கிடைக்கிறது இதுதான் முதல் தடவை. நான் தட்டைப் பிடிச்சுத்தான் பழக்கம், வாங்கிப் பழக்கம் இல்ல. எப்படி வாங்கணும்னு கூடத் தெரியாம ரெண்டு கையையும் நீட்டிட்டேன்.

பிரிச்சுப் பாக்கவா? இது நான் போட்ட முடிச்சு, இதை அவுக்கிறதுக்குப் பயம் இல்ல. இந்தா. காலையில அவசரத்துல எதை எடுத்தேன்னு கூடப் பாக்கல. வெண்கலக் கலரு. ‘நூறு மீட்டர் ஓட்டம், மூன்றாம் பரிசு.’

இந்த ஓட்டத்துல ஓடினதே நானும் அவளும்தான் தம்பி. ரெண்டே பேரு. அதுலயும் எனக்கு மூணாம் இடம்.